பதினேழாம் படத்துக் குரங்கு

சர் மார்ட்டிமர் ஸ்ட்ரௌட் முதலில் மூக்கைப் பற்றித்தான் கேட்டார். வந்து உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்து, காலமாகி இரண்டு குளிர்காலம் போய்விட்ட டாக்டர் ஆம்ப்ரோஸ் டான்ஸ்லிக்காக மறுபடியும் ஒரு பெருமூச்சு விட்டு, தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "மிஸஸ் டான்ஸ்லி, நம்ம டாக்டரோட மூக்கு எப்படி இருந்துதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

ஹெஸ்டர் டான்ஸ்லிக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். விலங்கியல் பண்டிதர்களின் சங்கம் அவள் கணவருக்கு மார்பளவுச் சிலை வைக்கப்போகிறது. படிக்கட்டுத் திருப்பத்தில், பாடம் செய்த வரிக்குதிரைக்கும் குடைகள் செருகிவைக்கும் யானைக்காலுக்கும் நடுவில், பளிங்கில். பளிங்கு வந்து இறங்கிவிட்டது. பீடத்தில் வெட்டவேண்டிய லத்தீன் வாசகத்தைச் சர் மார்ட்டிமரே எழுதிவிட்டார், அதில் அவர் பெயரும் ஒரு மூலையில் வருகிறது. பாக்கி முகம் ஒன்றுதான்.

"சங்கத்துல ஒவ்வொருத்தரையும் கேட்டாச்சு. ஆளுக்கொரு மூக்கு சொல்றாங்க. பொருளாளர் கழுகு மூக்குங்கறார். நூலகர் சப்பைங்கறார். வாசல்ல கோட்டு வாங்கி மாட்டறானே, அவன், 'மூக்கு இருந்துதுங்கய்யா' அப்படின்னு மட்டும் உறுதியா சொல்றான். ஒரு போட்டோ கிடைச்சாப் போதும்."

போட்டோ இருந்தது. மூன்று இருந்தன. ஹெஸ்டர் எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். கோட்டுப் பித்தான்கள், கடிகாரச் சங்கிலி, முழங்காலில் விரித்து வைத்த கை, நாற்காலியில் செதுக்கியிருந்த திராட்சைக் கொத்து எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு. கழுத்துக்கு மேலே மட்டும் ஒரு வெள்ளைப் புகை. அந்தக் காலத்துப் போட்டோவுக்குக் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கவேண்டும். கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை கொடுத்துத் தலையைப் பிடித்து நிறுத்துவார்கள். டாக்டருக்குத் தலை நின்றாலும் வாய் நிற்காது. மூன்று தடவையும் அவர் போட்டோக்காரனுக்குப் போட்டோ எடுப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சர் மார்ட்டிமர் மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, ஒரு மேதைக்கு மூக்கு எப்படி இருந்தது என்பதைவிட எப்படி இருந்திருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம் என்றும், ரோமாபுரிச் சிலைகளில் நல்ல நல்ல மூக்குகள் இருப்பதாகவும், சிற்பி கிடியன் பிராடியிடம் அந்த வழியில் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார். "நீங்க கவலையே படாதீங்க" என்று கிளம்பும்போது அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

கவலைப்பட அவளுக்கு வேறு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஆம்ப்ரோஸின் முகம் அவளுக்கே மறந்துகொண்டு வந்தது. குரல் இருந்தது, மாடிப்படியில் இருமிக்கொண்டு ஏறும் சத்தம் இருந்தது, மூக்குப்பொடியும் கற்பூரமும் கலந்த கோட்டு வாசனை அலமாரியில் இன்னும் இருந்தது. கண்ணை மூடினால் கோட்டு வரும், சங்கிலி வரும், கை வரும். கழுத்துக்கு மேலே அந்த வெள்ளைப் புகை. விடியற்காலையில் கால்வாய்க்கு அப்பால் மிருகக்காட்சித் தோட்டத்துச் சிங்கம் உறுமும் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டு, புருவம், கன்னம், தாடி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பாள். கூடி வரும்போது கலைந்துவிடும். முப்பத்தைந்து வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம்.

அந்த முகம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அது ஒரு குரங்குக்கு இருந்தது.

'உலகக் குரங்குகள்' என்று ஆம்ப்ரோஸ் எழுதிய பெரிய புத்தகத்துக்கு நாற்பது படங்கள். அத்தனையும் ஹெஸ்டர் போட்டவை. அட்டையில் டாக்டர் டான்ஸ்லியின் பெயர் தங்கத்தில் கல்கோட்டைபோல் நிற்கும்; படத்தின் அடியில், புல்லோடு புல்லாக, எறும்பு ஊர்ந்த மாதிரி 'ஹெ.டா.' என்று இருக்கும். அதுவும் பூதக்கண்ணாடி வைத்தால்தான். ஆனால் அந்த வருடங்களை நினைத்தால் அவளுக்குப் பெயர் ஞாபகம் வராது. சாப்பாட்டு அறைதான் ஞாபகம் வரும். வடக்கு ஜன்னலை ஒட்டி மேசை, மேசைமேல் அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு ஆட்கள் தூக்கி வந்து வைத்துவிட்டுப்போகும் தடித்த சாம்பல் நிறக் கல், கல்லுக்குக் குறுக்கே கை ஊன்றிக்கொள்ள ஒரு பலகை. கொழுப்புக் கலந்த கறுப்புப் பென்சிலால் நேராகக் கல்லிலேயே வரையவேண்டும். விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைக் கல் உடனே குடித்துவிடும், பிறகு கோட்டோடு சேர்ந்து அதுவும் மை பிடித்து அச்சாகும். தும்மக்கூடாது, கூந்தல் விழக்கூடாது. சுற்றிலும் நாற்காலிகளில், விருந்துக்கு வந்து சூப்புக்குக் காத்திருப்பவர்கள் போல, பாடம் செய்த குரங்குகள். வேலைக்காரி பெக் அந்த அறைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வருவாள். "சாப்பிடற எடத்துல இதுங்க பாத்துக்கிட்டே இருக்குதும்மா. நம்ம பாதிரியாராட்டம்" என்பாள்.

பதினேழாவதாக வந்தது மலபார் மலைக்காட்டுச் சிங்கவால் குரங்கு. கப்பலில் வந்த தோலுக்கு உடம்பெல்லாம் சரியாக இருந்தது. கருகருவென்ற மயிர், நுனியில் குஞ்சம் வைத்த வால், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. முகம் மட்டும் இல்லை. வழியில் பூச்சி தின்றுவிட்டது. மிச்சமிருந்தது பழைய செருப்பின் அடித்தோல் மாதிரி இருந்தது. மலபாரில் அதை உயிரோடு பார்த்த ஒரு கேப்டன் தன் கையால் படம் வரைந்து அனுப்பியிருந்தார். அதில் குரங்கு ஒரு ஆந்தையைப் போலவும், அதன் பின்னால் இருந்த கேப்டனின் கூடாரம் மிகத் தத்ரூபமாகவும் இருந்தன. தோட்டத்தில் அந்த வகைக் குரங்கு அப்போது இல்லை. கல்லோ வந்துவிட்டது. அச்சுக்கூடம் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது.

ஹெஸ்டர் உடம்பை முடித்தாள், மரக்கிளையை முடித்தாள், பிடரியை ஒவ்வொரு மயிராக முடித்தாள். நடுவில் முகம் வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஆம்ப்ரோஸ் ஒரு சக பண்டிதரின் கட்டுரையைப் படித்துக்கொண்டு, தாடியும் கிருதாவும் கன்னத்தைச் சுற்றி நரைத்து நிற்க, இடது புருவத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவன் எழுதியதைப் படிக்கும்போது அவருக்கு அந்தப் புருவம் தானாக ஏறிவிடும். முதலில் புருவத்தை மட்டும்தான் கடன் வாங்கினாள். அது ஒற்றையாக நன்றாயில்லை என்று கண்ணையும் எடுத்துக்கொண்டாள். மூக்கை அமுக்கினாள், ஆனால் அது அமுங்கின ஆம்ப்ரோஸ் மூக்காகவே இருந்தது. உதட்டை நீட்டினாள், அதில் ஒரு மறுப்பு சொல்லத் தயாராக இருப்பதன் களை வந்துவிட்டது. வெளிச்சம் மங்கும்போது பார்த்தால், கிளையில் உட்கார்ந்து அவள் கணவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் பசியாக, நிறையப் பிரியமாக. கல்லில் போட்டதை அழிக்க முடியாது. அழிக்க அவளுக்கு மனமும் வரவில்லை.

மறுநாள் காலை ஆம்ப்ரோஸ் வாட்டிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஹெட்டி" என்றார், அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு குரங்குக்கு இவ்வளவு அறிவுக்களை வேணுமா?"

"குறைச்சிடட்டுமா?"

"வேணாம், வேணாம், இருந்துட்டுப் போகட்டும். இந்த மூஞ்சியை நான் எங்கேயோ பாத்திருக்கேனே."

"தோட்டத்துல பாத்திருப்பீங்க."

"இருக்கும்" என்றபடி அவர் பலகை நழுவாமல் இருக்க ஒரு கையை ஊன்றினார். வெண்ணெய் பூசின கட்டைவிரல். குரங்கின் காலுக்குக் கீழே, வெறும் இலைகள் இருந்த மூலையில். ஹெஸ்டர் போட்ட சத்தத்தில் பெக் ஒரு தட்டை உடைத்தாள். கல் குடித்தது குடித்ததுதான். கடைசியில் அந்தக் கட்டைவிரலுக்கு மேலே ஒரு காம்பும் பக்கத்தில் இரண்டு இலையும் போட்டு அதை ஒரு கனியாக்கிவிட்டாள். அன்றிலிருந்து, கல் அந்த அறையில் இருந்த நாளெல்லாம், ஆம்ப்ரோஸ் வெண்ணெய் இல்லாமல் வறட்டு ரொட்டிதான் தின்றார். அடுத்த அறைக்குப் போய்த் தின்னலாம். போகமாட்டார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, மரப்பட்டையை மெல்லுவதுபோல் மென்றுகொண்டு, உலகத்து மற்ற விலங்கியலாளர்களின் தவறுகளை அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வறட்டு ரொட்டியின் சத்தம், பென்சில் கல்லில் உரசும் சத்தம், கணப்பில் நிலக்கரி சரியும் சத்தம். இப்போது சாப்பாட்டு அறையில் சாப்பாடு மட்டும்தான் நடக்கிறது.

கனியின் கதை அதோடு முடியவில்லை. புத்தகம் வெளிவந்து சில வருடங்களுக்குப் பின் சர் மார்ட்டிமர், 'மலபார்க் காடுகளில் இதுவரை பெயரிடப்படாத ஒரு கனியைப் பற்றி' என்று நீண்ட கட்டுரை வாசித்தார். அதன் நீள்வட்ட வடிவையும், தோலில் ஓடும் நுண்ணிய வளையக் கோடுகளையும் பாராட்டி, அதற்கு லத்தீனில் பெயரும் வைத்தார். பெயரின் வாலில் அவர் பெயர் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஆம்ப்ரோஸ் கதவைச் சாத்திவிட்டு, தன் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்து, அதற்கு ஒரு சலாம் வைத்தார்.

ஆனால் முகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது என்றுதான் ஹெஸ்டர் கடைசிவரை நினைத்திருந்தாள். தெரிந்த மனிதர் அந்தச் சொற்பொழிவைச் செய்திருப்பாரா? மனிதனும் குரங்கும் ஒரு கொடியில் கிளைத்தவை என்ற பேச்சு லண்டன் முழுக்கத் தீயாய்ப் பரவியிருந்த சமயம். சாப்பாட்டு மேசைகளில் சொந்த மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டார்கள். சங்கத்தின் பெரிய கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மேலே பெண்களுக்கு விட்டிருந்த மாடத்தில் ஹெஸ்டர் தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஆம்ப்ரோஸ் பதினேழாம் படத்தை ஒரு முக்காலியில் நிறுத்தி, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நீண்ட கோலால் அதைச் சுட்டினார்.

"கனவான்களே, இந்த மூஞ்சியை நல்லா பாருங்க. மனுஷ ஜாடைன்னு சொல்ல இதுல ஒரு கோடாவது, ஒரே ஒரு கோடாவது இருக்கா?"

கல்லில் வரைந்தது தாளில் விழும்போது இடம் வலமாகிவிடும். ஆகவே அவருக்கு இடது புருவம் ஏறியிருக்க, பக்கத்தில் குரங்குக்கு வலது புருவம் ஏறியிருந்தது. இரண்டு நரைத்த கிருதாக்கள், இரண்டு நீட்டிய உதடுகள். மாளிகை வாசலில் இருபுறமும் ஜோடியாக வைக்கும் கற்சிங்கங்கள் மாதிரி இருந்தார்கள் இருவரும். இங்கிலாந்தின் மிகக் கூர்மையான கண்கள் என்று பத்திரிகைகள் எழுதும் கண்கள் எல்லாம் அந்தக் கூடத்தில் இருந்தன. படத்தைப் பார்த்தன, டாக்டரைப் பார்த்தன. "இல்லை, இல்லவே இல்லை" என்று கூடம் அதிர்ந்தது. சர் மார்ட்டிமர் எழுந்து நின்று தட்டினார். ஆம்ப்ரோஸ் நிதானமாகத் தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார், அதே புருவத்தோடு. ஹெஸ்டர் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். பாவம் மனுஷன், தன்னையே காட்டி இல்லை என்கிறார் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அந்த ரகசியத்தை அன்று உள்ளே போட்டுப் பூட்டியவள்தான்.

இப்போது எப்படித் திறப்பது? அந்தப் புத்தகத்தை எடுத்து, இதோ பெருமகனாரின் மூக்கு என்று பதினேழாம் படத்தைக் காட்டினால் செத்த மனிதர் ஊர் வாயில் விழுவார். அவர் வாழ்நாள் முழுக்க மறுத்த ஒன்றுக்கு அவரே சாட்சியாகிவிடுவார். காட்டாவிட்டால், ஒரு ரோமாபுரிக்காரன் அவர் பெயரைப் போட்டுக்கொண்டு வரிக்குதிரைக்குப் பக்கத்தில் நின்றுவிடுவான். அவளும் ஒருநாள் அவனையே நம்ப ஆரம்பித்துவிடுவாள், பிடித்துக்கொள்ள வேறு முகம் இல்லாததால். காட்டுவதற்குத்தான் புத்தகம் எங்கே? வீட்டில் இருந்த ஒரே பிரதியைத் துக்கம் கேட்க வந்த வாரத்திலேயே, 'தேசத்துக்குச் சேரவேண்டியது' என்று சர் மார்ட்டிமர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சங்கத்து வாசிப்பு அறையில் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கிறது. வாசிப்பு அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை.

மார்ச் மாதத்தில் சிற்பி கிடியன் பிராடி களிமண் உருவைப் பார்க்க வரச் சொன்னார். யார்க்‌ஷயர் பக்கத்து ஆள், சட்டைக் கையை மடித்தபடிதான் யாரையும் வரவேற்பார். ஈரத்துணியை உருவினார். ஹெஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். உயர்ந்த நெற்றி, செங்குத்தாக இறங்கும் மூக்கு, எதிர்காலத்தை நோக்கும் கண்கள்.

"யாருன்னு தெரியுதாம்மா?" என்றார் கிடியன்.

"தெரியாம என்ன. சர் மார்ட்டிமர்."

கிடியன் சிரிக்கவில்லை. "அதான் எனக்கும் தோணுச்சு. அவரு தெனமும் வந்து, 'இன்னும் கொஞ்சம் மேன்மை, இன்னும் கொஞ்சம் மேன்மை' அப்படின்னு நிக்கறாரு. நின்னு நின்னு அவரு மூஞ்சிதான் கைக்கு வருது. நான் என்ன பண்ண? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஒரு மச்சம், ஒரு தழும்பு, எதுனாச்சும்."

ஹெஸ்டர் கண்ணை மூடினாள். கோட்டு வந்தது, சங்கிலி வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று வெளியே வந்தவள், வண்டி பிடிக்காமல் மழையில் வீடுவரை நடந்தாள்.

வீட்டு வாசலில், உள்ளே வர மறுத்து, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு அச்சுக்கூடத்து சைலஸ் கிரம்ப் நின்றுகொண்டிருந்தார். நகத்துக்கண்ணில் எல்லாம் மை. நாற்பது குரங்கையும் அச்சடித்தவர்.

"உக்காருங்க கிரம்ப்."

"வேணாம்மா. போன தடவை உக்காந்த நாற்காலியில என் அடையாளம் இன்னும் இருக்குன்னு பெக் இப்பத்தான் சொல்லிக்காட்டுனா. ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். வாத்து வரலை."

"எந்த வாத்து?"

"கிறிஸ்துமஸ் வாத்தும்மா. மொதல் வருஷம் துக்கத்துல மறந்திருப்பீங்கன்னு எங்க வீட்டுக்காரி சொன்னா. இந்த வருஷமும் வரலை. சரி, அம்மாவுக்கு இனிமே கல்லு வேணாம்போலன்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு கடுகுத்தூள் கம்பெனிக்காரன் பெரிய லேபிளுக்குக் கல்லு கேக்கறான். அந்த அளவுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நாளைக்குத் தேய்க்கலாம்னு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுரலாம்னு வந்தேன்."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆம்ப்ரோஸ் கிரம்புக்கு ஒரு கொழுத்த வாத்து அனுப்புவார். தன் கட்டுரைகளை முதலில் அச்சடிக்கத்தான் அந்தக் கையூட்டு என்று ஹெஸ்டர் நினைத்திருந்தாள்; சில வருடங்கள் வாத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

"எந்தக் கல்லு கிரம்ப்?"

கிரம்ப் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "ஐயா சொல்லலையா? புஸ்தகம் முடிஞ்சதும் கல்லையெல்லாம் மண்ணு போட்டுத் தேய்ச்சு அடுத்த வேலைக்கு எடுத்துக்குவோம், வழக்கம்தானே. தேய்க்கப் போற அன்னிக்கு ஐயா வந்தாரு. பதினேழை எடுன்னாரு. ஒரு தாள் அடிச்சுக் காட்டுன்னாரு. அடிச்சேன். எங்க கடையில சுவத்துல ஒரு கண்ணாடி உண்டு, கல்லுல இடம் வலமா இருக்கற எழுத்தைப் படிச்சுப் பாக்க. அதுக்கு முன்னால போயி நின்னுட்டாரு. கொஞ்ச நேரம் தாளைப் பாக்கறாரு, கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பாக்கறாரு. பசங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வேடிக்கை. எனக்குக் கை காலு ஓடலை. எப்பவோ கண்டுபிடிச்சுட்டோம்ல நாங்க, மை உருட்டுற பையன் மொத நாளே சொல்லிட்டான்."

"என்ன சொன்னார்?"

"யாரு, பையனா?"

"ஐயா."

"ஒண்ணும் ரொம்பச் சொல்லலைம்மா. 'கிரம்ப், இந்தம்மா என்னை இப்படித்தான் பாத்திருக்கா போல' அப்படின்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'நல்லாத்தான் பாத்திருக்கா' அப்படின்னாரு. அவ்வளவுதான். இந்தக் கல்லு மேல கை வைக்கக்கூடாது, வருஷா வருஷம் வாத்து வரும், வாத்து வர்றவரைக்கும் கல்லு இருக்கும்னு பேச்சு."

"அது எப்போ? அந்தச் சொற்பொழிவுக்கு முன்னாலயா?"

"எந்தச் சொற்பொழிவு? ஓ, மாமன் மச்சான் இல்லைன்னு குரங்குக்குச் சத்தியம் பண்ணுனாரே, அதுவா? அதுக்கு ரெண்டு மூணு வாத்துக்கு முன்னாலயேம்மா."

ஹெஸ்டரின் மனசுக்குள் அந்த நாள் மறுபடி நடந்தது. கூடம் அதிர்ந்தது, தலை நிமிர்ந்தது, புருவம் ஏறி மாடத்தைப் பார்த்தது. அன்றைக்கு அவர் கனவான்களிடம் கேட்கவே இல்லை. அத்தனை பண்டிதர்களையும் முன்னால் உட்காரவைத்து, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒருத்தியிடம் கேட்டிருக்கிறார். ஒரு கோடாவது இருக்கா, ஹெட்டி? இவளானால், பாவம் மனுஷன் என்று அத்தனை வருடமும் இரக்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர் ரொட்டியை மென்றுகொண்டு எதிரே இருந்து சிரித்ததை எல்லாம் தொண்டை அடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"கல்லைத் தேய்க்காதீங்க" என்றாள். "நாளைக்கு வரேன். வாத்தோட."

"மார்ச்சுல நல்ல வாத்து கிடைக்காதும்மா" என்றார் கிரம்ப் உண்மையான அக்கறையோடு.

வாத்து கிடைக்கவில்லை; ஒரு பன்றித்தொடையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கிடியன் பிராடியையும் கூட்டிக்கொண்டு போனாள். என்ன பார்க்கப்போகிறோம் என்று வண்டியில் அவரிடம் சொல்லவில்லை. அச்சுக்கூடத்தில் இயந்திரங்கள் முனகிக்கொண்டிருந்தன. சட்டங்களில் கற்கள் பெரிய பெரிய ரொட்டிகள்போல் அடுக்கியிருந்தன. கிரம்பும் இன்னொரு ஆளும் மூலையிலிருந்து ஒரு கல்லைச் சாக்கை நீக்கித் தூக்கிவந்து ஜன்னலோரப் பலகையில் மல்லாத்தி வைத்தார்கள். மேலே பூசியிருந்த பழைய கோந்து காய்ந்து மஞ்சளாகி, அதன்மேல் பல வருடத் தூசி படிந்து, எதுவும் தெரியவில்லை. கிரம்ப் ஈரப் பஞ்சை எடுத்தார். ஹெஸ்டர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

முதலில் வால் வந்தது. பிறகு கிளை. பிறகு பிடரி, ஒவ்வொரு மயிராக, அவள் அப்போது வைத்த வரிசையிலேயே. பஞ்சு நடுவுக்குப் போனதும் கை தானாக நின்றது. பிறகு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

புத்தகத்தில் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். ஆனால் புத்தகத்தில் இருந்தது வலது புருவம் தூக்கியவர், கண்ணாடியில் அவர் தன்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி. இது அப்படி இல்லை. இது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர். இடது புருவம். கொஞ்சம் கோபம், கொஞ்சம் பசி. தாளுக்குப் போகாமல் கல்லிலேயே தங்கிவிட்ட பக்கம். வெள்ளைப் புகை இருந்த இடத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது: காதுக்குக் கீழே கிருதா சுழியும் இடம், கண்ணோரத்து மூன்று மடிப்பு, பொய்க்கோபம் வரும்போது கீழுதடு நடுவில் ஒரு சின்னப் பள்ளம். இதை எல்லாமா போட்டோம்.

கிடியன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஹெஸ்டரைப் பார்த்தார். கிரம்பைப் பார்த்தார். கிரம்ப் கூரையைப் பார்த்தார். கிடியன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கிழிந்த ஒரு தாளைக் கடுகுத்தூள் பெட்டிமேல் விரித்துக்கொண்டார்.

"மூக்கைக் கொஞ்சம் நிமித்திக்கலாம்" என்றார் தனக்குத்தானே. "தாடியை ஓரம் கட்டி, காதை உள்ளே தள்ளிட்டா…"

"காதைத் தொடாதீங்க" என்றாள் ஹெஸ்டர். "காது அவரோடதுதான்."

"சர் மார்ட்டிமர் வந்து பாத்து எதுவும் கேட்டா?"

"அவரா? பக்கத்துலயே வச்சுக் காட்டினப்ப கேக்காதவர் இனிமேலா கேக்கப்போறார். மேன்மை போதுமான்னு கேப்பார். போதும்னு சொல்லுங்க."

கிடியனின் பென்சில் ஓடத் தொடங்கியது. ஜன்னல் வழியாக வந்த மங்கிய வெயிலில் கல் ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. காயக் காய வால் மங்கியது, கிளை மங்கியது. அவள் பஞ்சை நனைத்து மறுபடி துடைத்தாள். கீழ்மூலையில், இரண்டு இலைகளுக்கு நடுவில், லத்தீன் பெயர் பெற்ற அந்தக் கனி இருந்தது. காம்பை நீக்கிப் பார்த்தால் வெறும் கட்டைவிரல். சுழித்துச் சுழித்து உள்ளே போகும் வரிகளில் ஓர் இடத்தில், பேனாக்கத்தி வெட்டின தழும்பு குறுக்கே ஓடியது.

"அம்மா, கை படாம" என்று கிரம்ப் பழைய பழக்கத்தில் ஆரம்பித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

நாற்பது கல்லில் வரைந்தும் ஒரு கல்லைக்கூட வெறும் விரலால் தொடாதவள், கையுறையைக் கழற்றினாள். கல் குளிர்ந்திருந்தது. தன் கட்டைவிரலை அந்தக் கனியின் மேல் வைத்தாள். அதைவிட அவள் விரல் சிறியது. சுற்றிலும் அவருடைய வரிகள் கொஞ்சம் வெளியே தெரிந்தன.